ஆலை மூடிய ஊரில் நடை ஏன் தளர்கிறது?

சமூகவியலை எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டு அவ்வப்போது மடல் வருகிறது. கேட்பவர்களில் பலர் குடிமைப் பணித் தேர்வுக்கு அதை விருப்பப் பாடமாக எடுத்தவர்கள். சிலர் கல்லூரியில் முதலாண்டு. எல்லோர் கையிலும் ஓர் அறிமுக நூல் இருக்கிறது. ஆகஸ்ட் கோம்ட் 1838 வாக்கில் இந்தத் துறைக்குப் பெயர் வைத்த கதையோடு அது தொடங்கும். பிறகு டர்கைம், மார்க்ஸ், வெபர் என்று ஆளுக்கோர் அத்தியாயம், ஒவ்வொன்றின் முடிவிலும் வரையறைகள். படித்து முடிக்கும்போது வரையறை மனப்பாடம் ஆகியிருக்கும். அதை வைத்துக்கொண்டு எதைப் பார்ப்பது என்பதுதான் பிடிபட்டிருக்காது.

இவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். அந்த நூலைக் கொஞ்ச நாள் ஓரமாக வையுங்கள். மரியந்தால் என்ற ஊரைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ளுங்கள். சமூகவியலின் அடிப்படைக் கருத்துகளில் முக்கால்வாசி அந்த ஊரின் ஒரே தெருவில் நடமாடுகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுவதைவிட இங்கே ஒருமுறை விரிவாக எழுதிவிடுகிறேன்.

மரியந்தால் ஆஸ்திரியாவில் இருக்கிறது. வியன்னாவிலிருந்து தென்கிழக்கே ரயிலில் சுமார் அரை மணி நேரப் பயணம். கிராமட்நாய்சீடல் என்ற கிராமத்தை ஒட்டிய குடியிருப்பு. 1830-இல் ஹெர்மன் டோடெஸ்கோ என்பவர் அங்கே ஒரு நூற்பாலையைத் தொடங்கினார். ஆலை வளர வளர அதைச் சுற்றித் தொழிலாளர் வீடுகள் வரிசை வரிசையாக எழுந்தன. நூறாண்டுக் காலம் அந்த ஊருக்கும் ஆலைக்கும் வேறுபாடே இருக்கவில்லை. தாத்தா வேலை பார்த்த இடத்தில் பேரனும் வேலை பார்த்தான். வேலை முடிந்த பிறகு நாடகக் குழு, கால்பந்து, மல்யுத்தம், தொழிலாளர் நூலகம், கட்சிக் கூட்டம் என்று ஊர் உயிர்ப்போடு இருந்தது.

உலகப் பொருளாதாரச் சரிவு அந்த ஊரையும் எட்டியது. 1929-இன் நடுவில் நூற்புப் பிரிவை மூடினார்கள். அடுத்தடுத்த மாதங்களில் அச்சுப் பிரிவு, வெளுப்புப் பிரிவு. 1930 பிப்ரவரியில் தறிகளும் நின்றன. அப்போது ஊரில் 478 குடும்பங்கள், 1,486 பேர். குடும்பங்களில் சுமார் முக்கால் பங்கு, அரசு தரும் வேலையின்மை உதவித்தொகையை நம்பி வாழ வேண்டிய நிலைக்கு வந்துவிட்டது.

1931 குளிர்காலத்தில் வியன்னாவிலிருந்து இளம் ஆய்வாளர் குழு ஒன்று அங்கே வந்தது. வழிநடத்தியவர் பால் லாசர்ஸ்ஃபெல்ட், வயது முப்பது. உடன் மரி யஹோதா, ஹான்ஸ் ஸைசல். யஹோதாவுக்கு இருபத்தைந்துகூட ஆகவில்லை. மூவரும் சோசலிஸ்டுகள். முதலில் இவர்கள் தொழிலாளர்களின் ஓய்வு நேரத்தைப் பற்றி ஆராயத்தான் நினைத்திருந்தார்கள். வேலை நேரத்தைக் குறைக்கப் போராடிய இயக்கத்துக்கு அது நியாயமான கேள்விதான். ஆனால் சமூக ஜனநாயகக் கட்சியின் முன்னணித் தலைவர் ஓட்டோ பவுவர், நாடே வேலையில்லாமல் தவிக்கும்போது ஓய்வு நேர ஆராய்ச்சியா என்று கேட்டு, வேலையின்மையை ஆராயச் சொன்னார். இந்தத் திருப்பம் எனக்கு எப்போதும் முக்கியமாகப் படும். நல்ல சமூகவியல் கேள்வி நூலகத்தில் பிறப்பதைவிட, காலம் நெருக்கும் இடத்தில் பிறப்பதே அதிகம்.

குழு தனக்குத்தானே ஒரு விதி வைத்துக்கொண்டது. வெறுமனே வேடிக்கை பார்க்கவோ குறிப்பெடுக்கவோ யாரும் அந்த ஊருக்குள் போகக்கூடாது. ஊருக்குப் பயன்படும் ஏதாவது ஒரு வேலையோடுதான் போக வேண்டும். வியன்னாவில் பழைய குளிராடைகளைத் திரட்டி, துவைத்துத் தைத்து, வீடு வீடாகக் கொடுத்தார்கள். இலவச மருத்துவ ஆலோசனை, தையலுக்குத் துணி வெட்டும் பயிற்சி, பெண்பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி வகுப்பு. எந்த உடை வேண்டும் என்று கேட்கப் போகும்போதே வீட்டின் நிலை தெரிந்துவிடும். 478 குடும்பங்களுக்கும் தனித்தனிக் கோப்பு. அறுபதுக்கும் மேற்பட்டவர்களின் வாழ்க்கைக் கதைகளை எழுதிக்கொண்டார்கள். பள்ளிப் பிள்ளைகளிடம் கட்டுரை எழுதி வாங்கினார்கள். நூலகப் பதிவேடு, கூட்டுறவுக் கடைக் கணக்கு, சங்க உறுப்பினர் பட்டியல், பத்திரிகைச் சந்தா எதையும் விடவில்லை.

எல்லாவற்றிலும் என்னை மிகவும் ஈர்த்தது அவர்கள் தெருவில் எடுத்த கணக்கு. ஊரின் பிரதான வீதி சுமார் 300 மீட்டர். அதன் வழியாகப் போகிற நூறு பேரைக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கவனித்தார்கள். யார் எத்தனை இடத்தில் நிற்கிறார்கள்? 68 ஆண்களில் 39 பேர் மூன்றோ அதற்கு மேலோ இடங்களில் நின்றார்கள். எங்கும் நிற்காமல் வீதியைக் கடந்தவர்கள் ஆறே பேர். 32 பெண்களில் 12 பேர் எங்கும் நிற்கவில்லை. மூன்றோ அதற்கு மேலோ இடங்களில் நின்ற பெண்கள் மூவர் மட்டுமே. நடை வேகத்தையும் பார்த்தார்கள். பெண்கள் ஆண்களைவிடக் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு வேகமாக நடந்தார்கள்.

இந்த இடத்தில் எமில் டர்கைமைக் கொண்டுவரலாம். 1895-இல் வெளிவந்த சமூகவியல் முறை பற்றிய நூலில் அவர் சொன்னது 'சமூக உண்மை' என்ற கருத்து. நம் செயலையும் நினைப்பையும் உணர்வையும் நமக்கு வெளியே இருந்துகொண்டு கட்டுப்படுத்தும் ஒன்று என்பது அதன் சாரம். அவர் காட்டும் உதாரணங்களில் மொழி உண்டு, நாணயம் உண்டு. நான் உருவாக்காத மொழியில்தான் நான் பேசியாக வேண்டும், நான் அச்சடிக்காத நாணயத்தில்தான் கொடுக்கல் வாங்கல் செய்தாக வேண்டும். இந்த வரையறையை மாணவர்கள் எளிதில் ஒப்புக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். மரியந்தாலில் அவ்வளவு எளிதில் நகர முடியாது. நடை என்பதைவிடத் தனிப்பட்ட விஷயம் ஒன்று உண்டா? என் கால், என் உடம்பு, என் அவசரம். அந்த அவசரத்தை ஆலைச் சங்கு கொடுத்துக்கொண்டிருந்தது என்பது சங்கு நின்ற பிறகுதான் தெரிகிறது. டர்கைம் சொன்ன 'வெளியே இருந்து' என்பதன் முழு அர்த்தம் எனக்கு அந்த வீதியில்தான் புரிந்தது.

நேரத்தைப் பற்றிக் குழு இன்னும் துருவியது. எண்பது பேரிடம் ஒரு தாளைக் கொடுத்து, அன்றைய நாளில் மணிக்கு மணி என்ன செய்தார்கள் என்று நிரப்பச் சொன்னார்கள். ஆண்களின் தாள்களில் எழுத எதுவுமில்லை. எழுந்தது, மதியச் சாப்பாடு, படுத்தது. இந்த மூன்றுக்கும் இடையில் கிடந்த நேரம் எங்கே போனது என்று அவர்களுக்கே சொல்லத் தெரியவில்லை. பிள்ளைகளை எழுப்பியது ஒரு மணி நேரத்தின் நிகழ்ச்சியாக எழுதப்பட்டிருந்தது. பெரும்பாலான ஆண்கள் கைக்கடிகாரம் கட்டுவதையே விட்டுவிட்டார்கள். நாள் முழுக்க வேலையில்லாத கணவர்கள் மதியச் சாப்பாட்டுக்குத் தாமதமாக வருகிறார்கள் என்று மனைவிமார் குறைபட்டுக்கொண்டார்கள்.

கையில் நேரம் இருந்தால் படிக்கலாம் என்றுதான் எவரும் நினைப்போம். தொழிலாளர் நூலகம் கட்டணம்கூட வேண்டாம் என்றது. 1929-க்கும் 1931-க்கும் இடையில் இரவல் போன புத்தகங்களின் எண்ணிக்கை கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது. ஆலை மாளிகையை ஒட்டி ஒரு பூங்கா இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரே அங்கே போய் உட்காரும். இப்போது ஊரில் எல்லோருக்கும் நேரம் இருக்கிறது, ஆனால் பாதைகளில் புல் மண்டிவிட்டது, புல்வெளி காடாகிவிட்டது. செதுக்க ஒருவரும் வரவில்லை. குழு பின்னர் இந்த ஊரைப் பற்றி வெளியிட்ட நூலில் என்னை நெடுநேரம் நிறுத்திய இடம் இதுதான். வேலை இருந்தபோது களைத்துப்போய்த் திரும்பி வந்து நாடகம் போட்டவர்கள் இவர்கள். வேலை போனதும் நாடகமும் போய்விட்டது.

ராபர்ட் மெர்ட்டன் 1949-இல் எழுதிய கட்டுரையில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கினார். ஒரு நிறுவனத்துக்கோ வழக்கத்துக்கோ எல்லோருக்கும் தெரிந்த, எண்ணி வைத்த பயன் ஒன்று இருக்கும். அது வெளிப்படைச் செயல்பாடு. யாரும் எண்ணி வைக்காத, பெரும்பாலும் கண்ணில் படாத பயனும் உண்டு. அது உள்ளுறைச் செயல்பாடு. மெர்ட்டன் காட்டிய உதாரணம் அமெரிக்கப் பழங்குடியினரான ஹோப்பி மக்களின் மழைச் சடங்கு. அந்தச் சடங்கால் மழை வருகிறதோ இல்லையோ, சிதறிக் கிடக்கும் மக்கள் ஒன்றுகூடுகிறார்கள், குழு என்ற உணர்வு புதுப்பிக்கப்படுகிறது. மாணவர்கள் தேர்வில் இந்த மழைச் சடங்கைத்தான் எழுதுகிறார்கள். எழுதட்டும். ஆனால் யஹோதா இதே கருத்தை வேலையின் மீது வைத்துப் பார்த்தபோதுதான் அதன் வலிமை வெளிப்பட்டது.

வேலையின் வெளிப்படைப் பயன் கூலி. கூலியோடு கூடவே, யாரும் கேட்காமலே, அது வேறு ஐந்தைத் தருகிறது என்று யஹோதா பின்னாளில், 1982-இல் வந்த நூலில் விளக்கினார். நாளுக்கு ஓர் ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே மனிதர்களோடு பழக்கம், தனியொருவரால் எட்ட முடியாத பொது நோக்கம் ஒன்றில் பங்கு, சமூகத்தில் ஓர் இடம், கட்டாயமாகவாவது ஏதோ ஒன்றைச் செய்துகொண்டிருக்கும் நிலை. ஆலை மூடினால் கூலியோடு சேர்த்து ஆறும் ஒன்றாகப் போகின்றன. உதவித்தொகை கூலியைத்தான், அதிலும் ஒரு பகுதியைத்தான் ஈடு செய்கிறது. வேலையில்லாதவர் சோம்பலால் வீட்டில் கிடக்கிறார் என்று சொல்லும் எவருக்கும் நான் இந்த ஐந்தைத்தான் சொல்வேன். ஊக்கம் என்பது மனிதனுக்குள் கட்டி வைத்த பொருள் என்று நாம் நம்புகிறோம். அதை நாள்தோறும் வெளியிலிருந்து யாரோ தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

பெண்கள் ஏன் வேகமாக நடந்தார்கள் என்ற கேள்வி அந்தரத்தில் நிற்கிறது. அவர்களில் நிறையப் பேர் ஆலையில் வேலை பார்த்தவர்கள். அவர்களுக்கும் வேலை போயிற்று. ஆனால் சமையல், துணி, குழந்தைகள், கையில் இருக்கும் கொஞ்சக் காசில் ஒட்டுப்போட்டு நாளைத் தள்ளுவது எல்லாம் அப்படியே இருந்தன, சுமை கூடவும் செய்தது. அவர்களின் நேரத் தாள்கள் நிறைந்திருந்தன. ஒரு மனிதர் ஒரே சமயத்தில் பல பங்குகளை வகிக்கிறார் என்று பாடநூலில் படிக்கிறோமே, அதில் ஒரு பங்கு பறிக்கப்பட்டால் மற்றவை எப்படித் தாங்குகின்றன, எப்படி அழுத்துகின்றன என்பதை இங்கே பார்க்கலாம். ஆணுக்கு உழைப்பாளி என்ற ஒரே பங்கைத்தான் அந்தச் சமூகம் கனமாகக் கொடுத்திருந்தது. அது போனதும் அவனுக்கு வீட்டில் செய்ய எதுவுமில்லை என்று அவனும் நினைத்தான், வீடும் நினைத்தது. ஆலை வேலை முடிந்து வந்து இரவு நெடுநேரம் வீட்டு வேலை பார்த்த அந்தப் பெண்கள், மீண்டும் ஆலை திறந்தால் போவோம் என்றுதான் சொன்னார்கள். காசுக்காக மட்டும் அப்படிச் சொல்லவில்லை. ஆலையில் மனிதர்கள் இருந்தார்கள்.

இதுவரை சொன்னதையெல்லாம் செயல்பாட்டுக் கோட்பாட்டின் கணக்கில் வைக்கலாம். சமூகம் எதனால் ஒன்றாக நிற்கிறது, எது போனால் எது சரிகிறது என்பது அதன் கேள்வி. ஆனால் ஆலையை மூடியது யார், உதவித்தொகையின் விதிகளை எழுதியது யார் என்று கேட்டால் நாம் முரண்பாட்டுக் கோட்பாட்டின் வாசலுக்கு வந்துவிடுகிறோம். அந்த விதிகள் கொடியவை. உதவித்தொகை வாங்குபவர் சிறு வேலை ஏதாவது செய்து ஏதாவது பெற்றால் தொகை நின்றுவிடும். விறகுக்காக மரம் வெட்ட உதவிய தொழிலாளிக்கு நின்றது. பால் ஊற்றப் போய், பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் பால் வாங்கிக்கொண்ட பெண்ணுக்கு நின்றது. வாய்ஆர்மோனியம் வாசித்துச் சில்லறை சம்பாதித்தவருக்கும் நின்றது. குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு தொகை குறையும், அதற்கும் பிறகு முற்றாக நிற்கும்.

விதி இப்படி இருக்கும்போது ஊருக்குள் என்ன நடக்கும்? பெயர் போடாத புகார்க் கடிதங்கள் பெருகின. இன்னார் ரகசியமாக வேலை பார்க்கிறார் என்று பக்கத்து வீட்டுக்காரரே எழுதிப் போட்டார். நிறையப் புகார்கள் பொய் என்று தெரிந்தது. அதே ஊரில், அதே காலத்தில், கட்சிகளுக்கிடையே இருந்த பகைமை தணிந்தும் இருந்தது. ஒரே துன்பத்தில் எல்லோரும் இருப்பதால் ஒற்றுமை வரும் என்றோ, வறுமையால் பகைதான் வளரும் என்றோ ஒரே கோட்டில் இழுத்துவிட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் கெட்டவராக மாறிவிட்டார் என்று சொல்வது எளிது. அவர் கையில் அந்தக் கடிதத்தை எழுதக் கொடுத்தது ஒரு நிர்வாக விதி.

மார்க்ஸ் 1867-இல் வெளியிட்ட 'மூலதனம்' முதல் தொகுதியில், வேலைக்குக் காத்திருக்கும் உழைப்பாளர் கூட்டம் முதலாளித்துவத்துக்குத் தற்செயலாக நேர்ந்தது அல்ல, அதன் இயக்கத்துக்குத் தேவையானது என்று காட்டினார். மரியந்தாலுக்கு அது பொருந்துகிறது. ஆனால் வேலையிழந்த தொழிலாளி கொதித்தெழுவான் என்று இடதுசாரிகள் பலர் எதிர்பார்த்தது நடக்கவில்லை. ஆய்வாளர்களும் அந்த இயக்கத்தைச் சேர்ந்தவர்கள்தான். கட்சியின் கனமான நாளிதழான 'அர்பைட்டர் ஸைடுங்'குக்கு வேலையில்லாதவர்களுக்கான சலுகைச் சந்தா இருந்தும் அதன் சந்தா 60 சதவீதம் குறைந்தது. பொழுதுபோக்கு அதிகமுள்ள 'கிளைன பிளாட்' இதழுக்கு 27 சதவீதம்தான் குறைந்தது. தேர்தலில் வாக்களிக்க மட்டும் முன்போலவே போனார்கள். கூட்டத்துக்குப் போகவில்லை, விவாதிக்கவில்லை. சங்கங்களில் ஆள் குறைந்தது. ஓரிரு சங்கங்கள் மட்டும் விதிவிலக்காக நின்றன. அவற்றில் உறுப்பினராக இருந்தால் கைமேல் பலன் உண்டு. தங்கள் அரசியலுக்கு உவப்பில்லாத இந்தக் கண்டுபிடிப்பை அந்த மூவரும் மழுப்பாமல் எழுதினார்கள். ஆய்வு நேர்மை என்றால் என்ன என்று கேட்கும் மாணவர்களுக்கு நான் இந்தப் பக்கங்களைக் காட்டுவேன்.

குழந்தைகளைப் பற்றிய பகுதி படிக்கக் கடினமானது. உதவித்தொகை பதினான்கு நாளுக்கு ஒருமுறை வரும். பணம் வருவதற்கு முந்தைய நாள் பள்ளியில் 38 குழந்தைகளின் சிற்றுண்டியைப் பார்த்தார்கள். பாதிப்பேரிடம் எதுவுமில்லை, அல்லது வெறும் காய்ந்த ரொட்டி. பணம் வந்த மறுநாள் கிட்டத்தட்ட எல்லோரிடமும் சரியான சிற்றுண்டி இருந்தது. கிறிஸ்துமஸுக்கு என்ன வேண்டும் என்று எழுதச் சொன்னபோது, மரியந்தால் குழந்தைகள் கேட்ட பொருட்களின் சராசரி விலை அக்கம்பக்கத்து ஊர்க் குழந்தைகள் கேட்டதில் மூன்றில் ஒரு பங்குதான். அதையும் பலர் நேராகக் கேட்கவில்லை. அப்பா அம்மாவுக்கு வேலை இருந்திருந்தால் இது கேட்டிருப்பேன் என்கிற தொனியில் எழுதினார்கள். ஆசைக்கு விலை கிடையாது, எதையும் ஆசைப்படலாம். ஆனாலும் குழந்தை தன் வீட்டின் நிலையைத் தனக்குள் வாங்கி, தன் ஆசையைத் தானே வெட்டிக்கொள்கிறது. சமூகமயமாதல் என்ற சொல்லை நாம் பள்ளி, குடும்பம், ஊடகம் என்று பட்டியல் போட்டுப் படிக்கிறோம். சிகாகோவில் ஜார்ஜ் ஹெர்பர்ட் மீட், பிறருடைய பார்வையை உள்ளே வாங்கிக்கொள்வதன் மூலமே ஒரு குழந்தைக்குத் 'தான்' என்பது உருவாகிறது என்று பல ஆண்டுகள் கற்பித்தார். அவர் சொன்னது நடப்பதை அந்தக் கிறிஸ்துமஸ் கட்டுரைகளில் பார்க்கிறோம்.

ஆய்வாளர்கள் குடும்பங்களை அவற்றின் மனநிலையை வைத்து நான்கு வகையாகப் பிரித்தார்கள். உடையாதவர்கள், ஒடுங்கிப்போனவர்கள், மனமுடைந்தவர்கள், எதிலும் பிடிப்பற்றவர்கள். பெரும்பான்மை இரண்டாம் வகை. வீடு துப்புரவாக இருக்கும், பிள்ளைகளைக் கவனிப்பார்கள், ஆனால் நாளையைப் பற்றி எதிர்பார்ப்பு எதுவும் இருக்காது. மாக்ஸ் வெபர் 1904-இல் எழுதிய கட்டுரையில் விளக்கிய 'மாதிரி வகை' என்பதைப் புரிந்துகொள்ள இது உதவும். எந்தக் குடும்பமும் ஒரு வகைக்குள் அப்படியே பொருந்தாது. ஆனாலும் வகை இருந்தால்தான் வேறுபாடு தெரியும். மனிதர் தம் செயலுக்குத் தாமே தரும் அர்த்தத்தைப் புரிந்துகொள்ளாமல் சமூகவியல் இல்லை என்பதும் வெபரின் பாடம்தான். உருளைக்கிழங்கு போட வேண்டிய தோட்டத் துண்டில் பலர் பூச்செடியும் வைத்திருந்தார்கள். வயிற்றுக் கணக்கு மட்டும் போடுபவருக்கு அது விளங்காது.

பிறகு அவர்கள் இந்த நான்கு வகைகளையும் வருமானத்தோடு வைத்துப் பார்த்தார்கள். குடும்பத்தில் ஓர் ஆளுக்கு மாதம் எத்தனை ஷில்லிங் என்று கணக்கிட்டால், உடையாதவர்களுக்கு 34, ஒடுங்கியவர்களுக்கு 30, மனமுடைந்தவர்களுக்கு 25, பிடிப்பற்றவர்களுக்கு 19. ஐந்து ஷில்லிங் அளவு குறையக் குறைய மனம் ஒரு படி இறங்குகிறது. நம்பிக்கை, மன உறுதி, வைராக்கியம் என்று நாம் ஒருவருடைய குணமாகச் சொல்வதற்கு ஒரு விலைப்பட்டியல் கிடைத்துவிட்டது. ஒரு குடும்பத்துக்கு உதவித்தொகை குறையும் தேதி தெரிந்தால், அது எப்போது அடுத்த வகைக்கு வழுக்கும் என்று ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்ற நிலை. இந்த நான்கு எண்களை நான் பலமுறை திரும்பிப் பார்த்திருக்கிறேன். ஒருவரை 'அவருக்கு முயற்சி போதாது' என்று எடைபோடத் தோன்றும்போதெல்லாம் நினைவுக்கு வருபவை இவைதான்.

அமெரிக்காவின் சி. ரைட் மில்ஸ் 1959-இல் எழுதிய 'சமூகவியல் கற்பனை' நூலில் இதைப் பொதுவாக்கிச் சொன்னார். ஒரு லட்சம் பேர் வாழும் நகரத்தில் ஒருவருக்கு மட்டும் வேலை இல்லை என்றால் அது அவருடைய தனிப்பட்ட தொல்லை. அவருடைய திறமையையும் குணத்தையும் பார்க்கலாம். 5 கோடி உழைப்பாளர்கள் உள்ள நாட்டில் 1.5 கோடிப் பேருக்கு வேலை இல்லை என்றால் அது பொதுப் பிரச்சினை. எந்தத் தனிமனிதரின் குணத்திலும் அதற்கு விடை கிடையாது. மில்ஸும் லாசர்ஸ்ஃபெல்டும் பிற்காலத்தில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஒன்றாக இருந்தவர்கள். லாசர்ஸ்ஃபெல்டின் ஆய்வு மையத்தில் மில்ஸ் வேலையும் பார்த்திருக்கிறார். அதே நூலில், எண்களில் மூழ்கி வரலாற்றை மறக்கும் ஆய்வுமுறையை மில்ஸ் கடுமையாகச் சாடியபோது அவர் குறிவைத்தவர்களில் முதன்மையானவர் லாசர்ஸ்ஃபெல்ட். சந்தை ஆய்வு, வானொலி நேயர் ஆய்வு என்று அமெரிக்காவில் போன லாசர்ஸ்ஃபெல்டைப் பொறுத்தவரை மில்ஸின் குற்றச்சாட்டில் நியாயம் உண்டு என்பது என் எண்ணம். மரியந்தாலைப் பொறுத்தவரை இல்லை. இங்கே எண்ணும் கதையும் ஒன்றையொன்று விடவில்லை.

குறைகளும் உண்டு, அவற்றையும் சொல்ல வேண்டும். ஆலை தந்த ஒழுங்கை நூல் கிட்டத்தட்ட இயற்கையானதாக எடுத்துக்கொள்கிறது. கடிகாரத்துக்குக் கட்டுப்பட்ட உழைப்பு மனிதருக்கு வலிந்து பழக்கப்பட்டது என்பதை ஆங்கிலேய வரலாற்றாளர் ஈ. பி. தாம்ப்சன் 1967-இல் எழுதிய கட்டுரையில் விரிவாகக் காட்டினார். அதற்கு முன்னிருந்த உழவரும் நெசவாளரும் வேலையின் போக்கில் நேரத்தை அளந்தவர்கள். நூறாண்டு பழக்கி ஏற்றிய ஒழுங்கை ஒரே ஆண்டில் பிடுங்கியதால்தான் அந்த ஆண்கள் வீதியில் நின்றார்கள் என்று படிப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. டேவிட் ஃபிரையர் போன்ற உளவியலாளர்கள் இன்னொரு மறுப்பை எழுப்பினார்கள். வேலையிழந்தவரை வெறுமனே பறிகொடுத்தவராகவே யஹோதா பார்க்கிறார், திட்டமிட்டுத் தன் வாழ்க்கையை நடத்த முயலும் மனிதரை வறுமை எப்படித் தடுக்கிறது என்பதைக் குறைவாகப் பார்க்கிறார் என்பது அது. ஷில்லிங் பட்டியல் ஃபிரையர் பக்கம்தான் சாட்சி சொல்கிறது. பணம் மட்டும் போதாது என்பது உண்மையானால், பணம் இல்லாமல் எதுவும் போதாது என்பதும் அந்த நூலில் இருக்கும் உண்மைதான்.

நூல் 1933-இல் லைப்ஸிக் நகரில் வெளிவந்தது. அதே ஆண்டு ஹிட்லர் ஆட்சிக்கு வந்துவிட்டார். ஆசிரியர்கள் யூதர்கள் என்பதால் அட்டையில் அவர்கள் பெயர் இல்லை. பிரதிகளில் பெரும்பகுதி அழிக்கப்பட்டது. லாசர்ஸ்ஃபெல்ட் அமெரிக்காவுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார். யஹோதாவை 1936-இல் ஆஸ்திரிய அரசு தலைமறைவு சோசலிச இயக்கத்தில் ஈடுபட்டதற்காகச் சிறையில் அடைத்தது. நாட்டைவிட்டுப் போக வேண்டும் என்ற நிபந்தனையோடு மறு ஆண்டு விடுதலை. இங்கிலாந்து, அமெரிக்கா, மறுபடி இங்கிலாந்து என்று வாழ்ந்து 2001-இல் காலமானார். நியூயார்க்கில் அவர் மெர்ட்டனோடு சேர்ந்து வேலை பார்த்திருக்கிறார். நூலின் ஆங்கிலப் பதிப்பு 1971-இல்தான் வந்தது. அதுவரை இந்த ஊரின் கதை ஜெர்மன் தெரிந்தவர்களுக்கு வெளியே பரவலாகத் தெரியாது.

இதே ஊரில் 2020 அக்டோபரில் ஒரு புதிய முயற்சி தொடங்கியது. கீழ் ஆஸ்திரிய மாநிலத்தின் அரசு வேலைவாய்ப்புத் துறை, கிராமட்நாய்சீடலில் நெடுங்காலமாக வேலையில்லாமல் இருந்த அனைவருக்கும் வேலை உறுதி என்று அறிவித்தது. கட்டாயம் இல்லை, விரும்பியவர்கள் சேரலாம். முதலில் பயிற்சி, பிறகு முறையான கூலியோடு வேலை. விளைவை அளந்தவர்கள் அப்போது ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த பொருளியலாளர்கள் மாக்ஸிமிலியன் காசியும் லூகாஸ் லேனரும். சேர்ந்தவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவைச் சில மாதம் முன்னதாகத் தொடங்கவைத்து ஒப்பிட்டார்கள். வருமானத்தை மட்டும் அளந்து நிறுத்திக்கொள்ளவில்லை. நாளின் ஒழுங்கு, மனிதர்களோடு பழக்கம், பொது நோக்கம், சமூகத்தில் இடம், செயல் என்று யஹோதா எழுதிய ஐந்தையும் கேள்வித்தாளில் வைத்தார்கள். அவற்றில் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. நெடுங்காலம் வேலையில்லாதவர்கள் என்று பதிவேடுகளில் எழுதிவைக்கப்பட்டவர்களுக்கு வேலை கொடுத்தால் என்ன ஆகும் என்று இனி யாராவது வாதிட வந்தால், அந்த அட்டவணையை மேசையில் விரித்து வைத்துத்தான் பேச வேண்டும்.